மாவு மினும் ஆப்பா?

எண்பத்துநாலாம் ஆண்டு தொடங்கியபோது எனக்கு இருபத்தாறு வயது. குருநகரில், கருவாடு போட்டு விற்கும் பெண்களின் சங்கம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். வேலை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பெண்களைக் கூட்டி வைத்துக் கதைப்பது, உப்புக்கும் சாக்குக்கும் அரசாங்கக் கச்சேரிக்கு அலைவது, மழை வந்தால் அவர்களோடு ஓடிப்போய்க் கடற்கரையில் காயும் மீனை அள்ளுவது, இவ்வளவுதான். சங்கத்துக்கு உதவி செய்துவந்த வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று, யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு பெண்களை இந்தோனேசியாவுக்கு அனுப்ப விரும்புவதாகப் பங்குத்தந்தை மூலம் சொல்லியனுப்பியது. ஜாவாவில் ஊர்ப் பெண்கள் சேர்ந்து நடத்தும் சிறுதொழில்களைப் பார்த்துவிட்டு வரவேண்டும். கடற்கரையிலிருந்து ஒருத்தி, தோட்டப் பக்கத்திலிருந்து ஒருத்தி. கடற்கரைக்கு நான்.

தோட்டப் பக்கத்துக்குத் தெரிவானவள் அளவெட்டிக்காரி. என் வயதுதான். வலிகாமத்து ஊர்களில் சைக்கிளில் திரிந்து, வடகம், மோர்மிளகாய், ஊறுகாய் போட்டு விற்கும் பெண்களுக்கு வழிகாட்டும் வேலை அவளுக்கு. திருநெல்வேலியில் நடந்த கூட்டமொன்றில்தான் அவளை முதன்முதலாகக் கண்டேன். எங்கள் இருவருக்கும் சேர்த்து, உள்ளங்கையளவில் ஒரு இந்தோனேசிய மொழிப் புத்தகம் தந்தார்கள். ஒரு பக்கம் இங்கிலீசு, மறுபக்கம் அவர்களுடைய சொல்.

"ஊருக்குள்ளை போனால் ஒருத்தருக்கும் இங்கிலீசு தெரியாதாம்," என்றாள் அவள். "நான் மீன், இறைச்சி, ஒரு மச்சமும் தொடாத ஆள். சாப்பாட்டைக் கேட்டு வாங்கத் தெரியாட்டி நான் பட்டினிதான். நாங்கள் சாப்பாட்டுப் பக்கத்தை மட்டும் பாடமாக்குவம், என்ன?"

சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது.

"சனிக்கிழமையளிலை எங்கடை வீட்டை வாருமன். இருந்து படிப்பம்."

நீங்களும் எங்கடை வீட்டை வரலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்தக் கணமே எங்கள் ஒழுங்கை, அந்த ஒடுங்கிய தெரு, அவள் கண்ணால் எனக்குத் தெரிந்தது. வேலியில் பிளந்து போட்ட திருக்கை மீன், வாசலில் வலை, காற்றில் நிற்கும் மணம். வாயை மூடிக்கொண்டேன். பிறந்து வளர்ந்த ஒழுங்கைக்கு வெட்கப்பட்டது அன்றுதான் முதல் தடவை.

அளவெட்டியில் அவர்களுடையது கல்வீடு. முன்னால் அகலமான விறாந்தை. அவளுடைய தகப்பன் இறந்துபோய்விட்டார். வீட்டில் தாயும் அவளும்தான். தாய் நெற்றி நிறையத் திருநீறு பூசிய, மெலிந்த, அமைதியான மனுசி. என்னைக் கண்டதும், "வா பிள்ளை, இரு," என்று விறாந்தைக் கதிரையைக் காட்டினார். அவளுக்கு எவர்சில்வர் பேணியில் தேத்தண்ணி வந்தது. எனக்கு, நீலக்கரை போட்ட எனாமல் கோப்பையில். விருந்தாளிக்கு வேறு கோப்பை கொடுப்பது மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்ளவே எனக்கு விருப்பம்.

நாங்கள் படித்தோம். நான் என்பதற்கு சாயா. சோற்றுக்கு நாசி. மரக்கறிக்கு சாயுர். இறைச்சி டாகிங், மீன் ஈக்கான், இறால் ஊடாங். 'இல்லாமல்' என்பதற்குத் தன்பா. தன்பா டாகிங், தன்பா ஈக்கான் என்று அவள் தேவாரம் போல ராகம் வைத்துச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். தேத்தண்ணிக்கு அவர்களும் தே என்றுதான் சொல்கிறார்கள் என்று கண்டபோது, சொந்தக்காரரைச் சந்தித்த மாதிரி இரண்டு பேரும் கை தட்டினோம். தெருவோரச் சாப்பாட்டுக் கடைக்கு வாருங் என்று பெயர்.

"எங்கடை 'வாரும்' மாதிரியெல்லே இருக்கு!" என்றாள். "பேரே கூப்பிடுது, போகாமல் இருக்கலாமே?"

பிறகு கடை விளையாட்டு விளையாடினோம். ஒருத்தி கடைக்காரி, மற்றவள் சாப்பிட வந்தவள். ஒரு சனிக்கிழமை நான் கடைக்காரியாக இருந்தேன். என்ன குடிக்கப் போகிறீர்கள் என்று கேட்க வேண்டும். அவர்களுடைய மொழியில் அது, மாவு மினும் ஆப்பா. தோளில் துவாய் ஒன்றைப் போட்டுக்கொண்டு, மேசையைத் துடைக்கிற பாவனையில், உரத்த குரலில் கேட்டேன்.

"மாவு மினும் ஆப்பா?"

"சாயா மாவு மினும் தே!" என்று அவள் திருப்பிக் கத்தினாள்.

"மினும்? மினும் தே?"

"மினும்! மினும்!"

உள்ளேயிருந்து தாய் வேகமாக வந்தார். கையில் அகப்பை.

"என்ன பிள்ளை இது? மாவும் மீனும் அப்பாவும் எண்டு? என்ரை பிள்ளைக்கு மீன் தின்னவே பழக்கிறாய்?"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ அம்மா! மினும் எண்டால் குடிக்கிறது. தேத்தண்ணி குடிக்கிறீரோ எண்டு கேக்கிறா!"

தாய்க்கும் சிரிப்பு வரப் பார்த்தது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "கோவியாதை பிள்ளை. உங்கடை ஆக்களுக்கு அது பழக்கம். இது மச்சம் புழங்காத வீடு. அதுதான் பயந்துபோனன்."

குரலில் கடுமை இல்லை. இருந்திருந்தால் நானும் கோபித்திருப்பேன். 'உங்கடை ஆக்கள்' என்ற சொல் மட்டும் என் காதில் தங்கிவிட்டது. தோளில் கிடந்த துவாயை எடுத்து மடித்து வைத்தேன். அதற்குப் பிறகு கடைக்காரியாக நடிக்க எனக்கு மனம் வரவில்லை. நீரே கடைக்காரியாய் இரும் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

அடுத்த கிழமை காற்று பலமாக அடித்தது. விறாந்தைப் படியில் விரித்து வைத்திருந்த என் குடையை உருட்டிக்கொண்டு வீட்டின் பக்கவாட்டுக்குப் போனது. நான் பின்னால் ஓடினேன். அங்கே வேலிக்கு நட்ட கதியால் தடி ஒன்றின் தலையில் அந்த நீலக்கரைக் கோப்பை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. சமைக்கிற குசினிக்கு வெளியே, வெயிலுக்கும் மழைக்கும். அடிப்பக்கத்தில் எனாமல் கழன்று துரு ஏறியிருந்தது. அதன் இடம் அதுதான் என்று பார்த்தவுடன் விளங்கியது. நான் வருமுன்னரே அது அங்கே இருந்திருக்கிறது. தோட்ட வேலைக்கு வருகிறவர்கள் குடிக்கும் கோப்பை.

குடையை எடுத்துக்கொண்டு வந்து கதிரையில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணி வந்தது. அதை நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கையில் வாங்கி, கடைசிச் சொட்டுவரை குடித்தேன். குடித்த பிறகு, "நல்ல தேத்தண்ணி அம்மா," என்று வேறு சொன்னேன். பஸ்ஸில் வரும்போது அந்த வார்த்தையை நினைக்க நினைக்க என் காது சுட்டது.

அடுத்த சனிக்கிழமையும் போனேன். அதற்கடுத்ததும். படிக்க வேண்டும், புத்தகம் ஒன்றுதான் இருக்கிறது, பயணம் நெருங்குகிறது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. எங்கள் சங்கத்துப் பெண்கள் எல்லாரும் என்னைவிட வயது கூடியவர்கள். என்னோடு சேர்ந்து விளையாடிச் சிரிக்கிற ஒருத்தி எனக்கு அதுவரை கிடைத்ததில்லை.

ஜாவாவில் முதல் கிழமை எல்லாம் ஒழுங்காக நடந்தது. எங்களைக் கூட்டிக்கொண்டு திரிந்தவர் கொஞ்சம் இங்கிலீசு கதைத்தார். அவரே சாப்பாட்டுக்குச் சொல்லிவிடுவார். கடலோர ஊர் ஒன்றுக்குப் போன நாள் வெள்ளிக்கிழமை. மதியத் தொழுகைக்குப் போய்விட்டு வருகிறேன், அதற்குள் சாப்பிடுங்கள் என்று ஒரு வாருங்கைக் காட்டிவிட்டு அவர் போய்விட்டார்.

"இண்டைக்குத்தான் சோதினை," என்றாள் அளவெட்டிக்காரி. "நீர் கேளும். உமக்குத்தான் உச்சரிப்பு நல்லா வரும்."

கடைக்காரிக்கு நாற்பது வயதிருக்கும். தலையில் முக்காடு. நான் பாடமாக்கியதை ஒப்புவித்தேன். சோறு, மரக்கறி, தன்பா டாகிங், தன்பா ஈக்கான். அவள் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளைகள் எங்கள் மொழி கதைக்கிறார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவித்த கீரையும் முளைவிட்ட பயறும் போட்டு, மேலே கச்சான் கடலை அரைத்த குழம்பை வழிய ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். நாங்கள் சாப்பிடுவதைப் பார்க்க அருகிலேயே நின்றாள்.

அளவெட்டிக்காரிக்குப் பசி. குழைத்து வேகமாகச் சாப்பிட்டாள். "என்ன ருசியப்பா! எங்கடை துவையல் மாதிரி, ஆனால் அதைவிடத் திறம்."

நான் முதல் கவளத்தை வாய்க்கருகில் கொண்டுபோனேன். மணம் தெரிந்தது. கூனி இறால் காய்ந்து, இடிபட்டு, புளித்த மணம். மிகவும் மெல்லியது. அவளுக்கு அது தெரிய வழியில்லை. நான் அதற்குள்ளேயே வளர்ந்தவள்.

"கொஞ்சம் நில்லும்," என்றேன்.

"ஏன்?"

"சாப்பிடாதையும். நில்லும்."

கடைக்காரியைப் பார்த்து, குழம்பைக் காட்டி, "ஊடாங்?" என்று கேட்டேன். அவள் பெருமையாகத் தலையாட்டினாள். தெராசி என்றாள். விரல் நுனிகளைச் சேர்த்து, இவ்வளவு போல்தான் என்று காட்டினாள். அந்த ருசியின் இரகசியம் அதுதான் என்று அவள் சொல்வதாக எனக்குப் பட்டது.

"என்னவாம்?"

"கூனி அரைச்சுப் போட்டிருக்கினம்."

அவள் எழுந்து கடைக்குப் பின்னால் ஓடினாள். ஓங்காளிக்கும் சத்தம் முன்னுக்குக் கேட்டது. கடைக்காரி பதறிப்போய் ஒரு கிளாஸில் தண்ணீர் வார்த்தாள். கொடுப்பதற்கு முன் கிளாஸின் விளிம்பைத் தன் முக்காட்டுத் தலைப்பால் துடைத்தாள். திரும்பி வந்தவளிடம் இரண்டு கையாலும் நீட்டினாள்.

அளவெட்டிக்காரி இரண்டு அடி பின்னால் போய், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாம் எண்டு சொல்லும்."

"தண்ணிதானே. குடியும்."

"அந்தக் கிளாஸிலை என்னென்ன பட்டுதோ. எனக்கு வேண்டாம் எண்டு சொல்லும்!"

கடைக்காரி நீட்டிய கையோடு நின்றாள். எங்கள் மொழி அவளுக்குத் தெரியாது. ஆனால் பின்னால் போன கைகளை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவளிடம் சொல்லவேண்டும் என்று தவித்தேன். அந்தச் சொல் எனக்குத் தெரியாது. அது புத்தகத்தில் வேறொரு பக்கத்தில் இருந்தது. நாங்கள் சாப்பாட்டுப் பக்கத்தை மட்டும் படித்திருந்தோம்.

நான் கிளாஸை வாங்கி முழுவதையும் குடித்தேன். கடைக்காரி என்னைப் பார்க்கவில்லை. பாதி சாப்பிட்ட தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். காசு கொடுத்தபோது வாங்க மறுத்தாள். அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அளவெட்டி விறாந்தையில் அந்த முகத்தோடு நானும் இருந்திருக்கிறேன்.

மறுநாள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். இருபுறமும் வயல். அவள்தான் கதையைத் தொடங்கினாள்.

"நேற்று நான் மரியாதையில்லாமல் நடந்துபோட்டன்."

"ஓம்."

"அந்த மனுசி என்ன நினைச்சிருப்பா?"

"நான் நினைச்சதைத்தான் நினைச்சிருப்பா."

"நீர் என்ன நினைச்சனீர்?"

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். "உங்கடை வீட்டு வேலிக் கதியாலிலை ஒரு கோப்பை கவிட்டு வைச்சிருக்கு," என்றேன். "நான் கண்டனான்."

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். கழுத்து மட்டும் சிவந்துகொண்டு வந்தது. "அம்மா பழைய ஆள். மச்சம் புழங்கிற ஆக்கள் எண்டு..."

"மச்சம் மட்டும்தானே?"

எந்தச் சொல்லை நாங்கள் சொல்லாமல் விட்டோம் என்று இருவருக்கும் தெரியும். இவ்வளவு மாதமும் ஒருநாளாவது அதை நாங்கள் உச்சரித்ததில்லை.

"கண்டுகொண்டும் ஏன் ஒண்டும் கேக்கேல்லை?" என்றாள்.

"கேட்டால் பிறகு வரேலாதே. எனக்கு வர விருப்பமாயிருந்தது."

சொன்ன பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. கோப்பையில் குடித்ததைவிட, அதைத் தெரிந்துகொண்டே போனேன் என்று வாய்விட்டுச் சொன்னது கூடுதல் அவமானமாக இருந்தது. அவள் என் கையைப் பிடிக்கவில்லை. ஆறுதல் சொல்லவில்லை. புத்தகத்தை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினாள். எதையோ கண்டுபிடித்து விரல் வைத்துக் காட்டினாள். மாஆஃப். மன்னிப்புக் கேட்கும் சொல். மிச்சப் பயணம் முழுவதும் ஒவ்வொரு கடையிலும் அவளே போய்க் கேட்டாள். ஆடா தெராசி, தெராசி இருக்கிறதா? இருக்கிறது என்றால், மாஆஃப் என்று கைகூப்பிவிட்டு, வெறும் சோறும் வாழைப்பழமும் வாங்கிச் சாப்பிட்டாள். கொடுத்த தண்ணீரைக் கொடுத்த கிளாஸில் குடித்தாள். முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

திரும்பி வந்ததும் அவளுடைய தாய் எனக்குச் சாப்பாடு தரவேண்டும் என்று கூப்பிட்டார். விறாந்தையில் பாய் விரித்திருந்தது.

"என்ரை பிள்ளையைப் பத்திரமாக் கூட்டிக்கொண்டு வந்திட்டாய்," என்றார். "அங்கை சுத்தமாத்தானே சாப்பிட்டவள்?"

"வெள்ளைச் சோறும் வாழைப்பழமும்தான் அம்மா," என்று நான் தொடங்கினேன்.

"இல்லையம்மா," என்றாள் அவள். "ஒருநாள் கூனி சாப்பிட்டனான். தெரியாமல்தான். இவ மணத்திலை பிடிச்சுச் சொல்லாட்டி முழுக்கச் சாப்பிட்டிருப்பன்."

தாய் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சுவரில் ஒரு கையை ஊன்றினார்.

"ஓங்காளிச்சுச் சத்தி எடுத்தனியே?"

"ஓம்."

"எல்லாம் வந்ததோ?"

"தெரியாதம்மா."

தாய் சுவரிலிருந்து கையை எடுத்தார். "நாளைக்கு வெள்ளன முழுகிப்போட்டுக் கோயிலடிக்குப் போ. ஐயரிட்டை என்ன செய்யவேணும் எண்டு கேள். அதுவரைக்கும் குசினிக்கையும் சாமியறைக்கையும் வராதை. இஞ்சையே இரு."

எங்கள் இருவருக்கும் பக்கத்தில் பக்கத்தில் இலை போட்டார். குனியாமல், எட்ட நின்று, உயரத்திலிருந்து கறியை விட்டார். எனக்கு அவர் எப்போதும் எதையும் அப்படி எட்ட நின்றுதான் தந்திருக்கிறார். தன் மகளுக்கும் அப்படி விடுவதைப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரிந்தது. பருப்பு இலைக்கு வெளியேயும் விழுந்தது. அவரும் துக்கத்தோடுதான் அதைச் செய்தார்.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போது உமக்கும் தெரியட்டும் என்று மனம் சொன்னது. அடுத்த கணம் அவளைத் திரும்பிப் பார்த்தேன். தலை நிமிராமல் சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தாள். "அம்மா கறிக்கு உப்புப் போட மறந்துபோனா," என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள். என் சந்தோஷம் அசிங்கமாகப் போய்விட்டது.

இரண்டு கிழமைக்குப் பிறகு, சொல்லாமல் கொள்ளாமல் அவள் குருநகருக்கு வந்தாள். சைக்கிளை உருட்டிக்கொண்டு, கருவாடு காயும் ஒழுங்கை வழியே, வழிகேட்டுக் கேட்டு வந்திருக்கிறாள். என் அம்மா வலையிலிருந்து கையை எடுத்துச் சேலையில் துடைத்தபடி எழும்பினார்.

"வாங்கோ பிள்ளை, வாங்கோ. இருங்கோ." கதிரையை மூன்று தரம் துடைத்தார். என் வயதுப் பெண்ணுக்கு அம்மா வாங்கோ போடுவதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அளவெட்டி வீட்டில் எனக்குக் கிடைத்தது, வா, இரு.

"அம்மா, எனக்குத் தேத்தண்ணி தாங்கோ. நல்ல வெயில்," என்றாள் அவள்.

"பொறுங்கோ பிள்ளை, வாறன்," என்று அம்மா பின்பக்கத்தால் போனார். அடுப்படியில் சத்தம் இல்லை. எட்டிப் பார்த்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு பின்வேலிப் படலையைத் திறந்து கடைக்கு ஓடிக்கொண்டிருந்தார். விளங்கிவிட்டது. தோட்டப் பக்கத்து மேட்டு ஊர்களிலிருந்து யாராவது வந்தால் எங்கள் ஆட்கள் மூடி திறவாத சோடாதான் வாங்கிக் கொடுப்பார்கள். எங்கள் பாத்திரம் படாதது. கேட்காமலே, சொல்லாமலே, அந்த மரியாதையை நாங்கள் செய்துவிடுவோம்.

அவளும் பார்த்துவிட்டாள். "அம்மா எங்கை போறா?"

"சோடா வாங்க."

நான் போய் அடுப்பை மூட்டினேன். எங்கள் வீட்டுக் கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தேன். அவள் ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருக்கும்போது அம்மா மூச்சிரைக்க வந்தார். சேலைத் தலைப்புக்குள் சோடாப் போத்தல். அவள் கையிலிருந்த கோப்பையைக் கண்டதும் அப்படியே வாசலில் நின்றுவிட்டார்.

"ஐயோ பிள்ளை, உங்கடை வீட்டிலை அறிஞ்சால்?"

"அறியட்டும் அம்மா."

அம்மா போத்தலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். களவு செய்து பிடிபட்டவர் மாதிரி அவர் முகம் கறுத்துப்போனது. நாங்கள் சரியானதைச் செய்தோம் என்றுதான் நினைத்தோம். அதை அம்மாவுக்கு முன்னால் செய்த விதத்தில், ஒரு குற்றமும் செய்யாத அவரை வெட்கப்பட வைத்துவிட்டோம்.

அவள் போன பிறகு அம்மா கேட்டார். "நான் செய்தது பிழையே மகளே?"

"இல்லையம்மா."

"வீட்டிலை மீன் மணம் கூடவோ?"

"இல்லையம்மா," என்றேன் மறுபடியும். வேலியில் காய்ந்த திருக்கையை அவர் உள்ளே எடுத்து வைத்தார்.

அவள் பிறகும் வந்தாள். அடிக்கடி அல்ல. அந்த வருடமே கடலில் தொழிலுக்குத் தடை வரத் தொடங்கிவிட்டது. காயப்போட மீன் இல்லாமல் சங்கமும் படுத்துவிட்டது. அவள் உடுப்பிட்டியில் கலியாணம் முடித்துப் போனாள். கலியாணத்துக்கு எனக்கும் அழைப்பு வந்தது. போனேன். பந்தியில் என்னை எந்த வரிசையில் இருத்துவது என்று அவளுடைய தாய் தடுமாறியதைக் கண்டு, வயிறு சரியில்லை என்று சொல்லிச் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.